கணக்கில் வராத மாடி

என் மகள் இருக்கும் குளிர்நாட்டில் பறவைகளுக்கு ஒழுக்கம் உண்டு. அவள் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் தொங்குகிறது. உள்ளே சூரியகாந்தி விதை. சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று, வயிறு மட்டும் மஞ்சளாக ஒன்று என்று வரும். ஓட்டைக்குள் அலகை விட்டு ஒரே ஒரு விதையை எடுத்துக்கொண்டு அடுத்ததற்கு இடம் விட்டுப் போகும். இதை அவள் வீடியோ எடுத்து அனுப்புவாள். திருவொற்றியூரில், எங்கள் அரிசிக் கடை கல்லாவில் உட்கார்ந்து நான் பார்ப்பேன். வெளியே துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வழி விடாமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

விடுமுறைக்கு வந்தபோது அதே மாதிரிக் குழாய் ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாள். "உங்களுக்கும் பொழுது போகும்மா" என்றாள். எனக்குப் பொழுது போகவில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கடை இருக்கிறது, வீட்டுக்காரர் இருக்கிறார், முழங்கால் வலி இருக்கிறது. இருந்தாலும் பிள்ளை அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறாளே என்று மொட்டை மாடியில் துணிக்கொடிக் கம்பத்தில் அதைத் தொங்கவிட்டேன்.

முதலில் இரண்டு மைனாக்கள் வந்தன. குழாய்க்கு நேர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து, தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு போய்விட்டன. கிளி ஒன்று வந்து குழாயைத் தலைகீழாகப் பிடித்துத் தொங்கியது. தீனியைத் தொடவில்லை, கயிற்றைக் கடித்தது. அடுத்து காக்கை வந்தது. அது மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை உருவி எடுத்துக்கொண்டு பறந்தது. வளையம் போனதும் மூடி விழுந்தது. மூடி விழுந்ததும் மழை உள்ளே இறங்கியது. விதை முளைத்தது.

"ஏளா, நம்மூரு காக்காவுக்கு எதுக்கு வெளிநாட்டுச் சாமான்?" என்றார் வீட்டுக்காரர். அவர் பிழைக்க வந்த ஊர் இது. தெற்கே பிறந்தவர்களுக்கு இங்கே வந்து எத்தனை வருஷமானாலும் 'நம்மூரு' என்றால் சந்தேகம்தான், காக்கை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுத்தார்.

குழாயைக் கழற்றிவிட்டு, கைப்பிடி போன பழைய இட்லித் தட்டு ஒன்றைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். ஒரு குழியில் கம்பு, ஒன்றில் நொய், ஒன்றில் உடைத்த சோளம், ஒன்றில் பப்பாளித் தோல். கேழ்வரகும் போட்டுப் பார்த்தேன். அது தட்டின் ஓட்டை வழியாகக் கீழே இறங்கி எறும்புக்குப் போனது. பக்கத்தில் மண் சட்டியில் தண்ணீர். அவ்வளவுதான் ஏற்பாடு. மறுநாள் விடிந்ததும் மாடி சந்தைக்கடையாகிவிட்டது.

சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று வருஷா வருஷம் செய்தி வரும். எங்கள் மாடிக்கு வருகிற சிட்டுக்குருவிகள் செய்தி பார்ப்பதில்லை. கம்பைத் தின்றுவிட்டு, தரையில் படிந்திருக்கும் கரித்தூளில் புரண்டு குளிக்கும். எண்ணூர் பக்கமிருந்து காற்று அடித்தால் மாடி முழுக்க அந்தக் கறுப்புத்தூள்தான், காலையில் பெருக்கினால் மதியம் பாதம் கறுத்துவிடும். தவிட்டுக்குருவிகள் எப்போதும் கும்பலாக வரும். ரேஷன் கடைக்கு வந்த மாதிரி சண்டை போட்டுக்கொண்டே தின்னும், தின்று முடித்த பிறகும் சண்டை தொடரும். கிளி ஒரு கடி கடித்துவிட்டு மீதியைத் தெருவில் போடும். குயில் மட்டும் வெட்கக்காரன், யாரும் இல்லாத நேரம் பார்த்து வந்து பப்பாளித் தோலைக் கொத்திவிட்டு ஓடிவிடுவான். பருந்துகள் மேலே வட்டமடித்துப் பார்க்கும். சைவம் என்று தெரிந்ததும் மீன்பிடித் துறைமுகப் பக்கம் போய்விடும்.

நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பேன். கடைக்குப் போக நேரமாகும். வீட்டுக்காரர் கீழிருந்து கூப்பிடுவார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு வர மாட்டேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று, வேறென்ன சொல்ல?

பக்கத்து வீட்டு மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் ஒரு சந்துதான். அந்த மாடியில் பாதியைப் பச்சைப் பெயின்ட் அடித்த கம்பிவலைக் கூண்டு ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே புறாக்கள். அந்த வீட்டு ஆள் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வெல்டர். பெண்டாட்டியிடம் பேசுவதைவிடப் புறாவிடம் அதிகம் பேசுவார். இதைச் சொன்னது அவர் பெண்டாட்டி, நான் இல்லை. ஏ.சி. தண்ணீர் யார் பக்கம் சொட்டுகிறது என்பது தவிர எங்களுக்குள் பல வருஷமாக வேறு பேச்சு கிடையாது.

போன கோடையில் ஒரு நாள் சாயங்காலம், கழுத்தில் கறுப்பு மச்சம் உள்ள சாம்பல் நிறப் புறா ஒன்று என் சுவர் மேல் வந்து இறங்கியது. மூச்சு வாங்கியது. இட்லித் தட்டுக்கு நடந்து வந்து கம்புக் குழியில் அலகை வைத்தது. எனக்குப் புது வாடிக்கையாளர் வந்த சந்தோஷம். மகளுக்கு அனுப்ப போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்தேன்.

எதிர் மாடியில் ஒரே கூச்சல். அப்போதுதான் பார்த்தேன், அங்கே ஒரு கூட்டமே நின்றுகொண்டிருந்தது. வெல்டர் சுவரில் பாதி உடம்பைத் தொங்கவிட்டபடி கத்தினார்.

"அக்கா! தொரத்துக்கா! அத்த தொரத்து!"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "பசிச்சு வந்த வாயில்லாத ஜீவனைத் துரத்தச் சொல்றியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று நானும் கத்தினேன். புறா நிதானமாகத் தின்றது. இன்னும் கொஞ்சம் கம்பைத் தட்டில் கொட்டினேன், அவர் பார்க்கட்டும் என்றே கொட்டினேன். எதிர் மாடியில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையில் இருந்த அட்டையில் ஏதோ எழுதிவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று கடை மூடுகிற நேரத்தில் வெல்டர் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"இன்னாக்கா இப்டி பண்ணிட்ட?" என்றார். சத்தமே இல்லை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. அது பந்தயப் புறா. விடிந்ததும் பறக்கவிடுவார்கள். எது கீழே இறங்காமல் அதிக நேரம் வானத்தில் சுற்றுகிறதோ அது ஜெயித்தது. இறக்கையில் முத்திரை குத்தி, ஒவ்வொரு போட்டியாளர் மாடியிலும் ஒரு அம்பயரை உட்கார வைத்திருப்பார்கள். இருட்டுவதற்குள் அது தன் சொந்த வீட்டு மாடியில்தான் இறங்க வேண்டும்.

"பக்கத்து வூட்ல எறங்குனா?" என்று கேட்டேன். அவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கொண்டது.

"கணக்குல வராதுக்கா. நாள் பூரா பறந்திருந்தாலும் ஒண்ணும் கெடயாது. காத்தாலேர்ந்து பறந்துச்சுக்கா அவ. கடசில உன் இட்லித் தட்டுல வந்து குந்திகினா."

"நீ அதுக்குச் சோறு போடுறதில்லையா?"

"போட்டி வருதுன்னா கம்மியாதான்கா குடுப்போம். வயிறு ரொம்பிச்சுனா எப்டி பறக்கும்?"

எங்கள் குடும்பத்தில் மன்னிப்புக் கேட்கும் பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக ஏதாவது பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடுவோம். கம்பு கட்டிக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளங்கையில் போட்டு உருட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நெனிக்காதக்கா. இது குருவிக்கு ஓகே. நம்ம புறாக்கு ஆவாது."

மூன்று தலைமுறையாகத் தானியம் விற்கிற குடும்பம். முகத்துக்கு நேரே கம்பைக் குறை சொன்ன முதல் ஆள் இவர்தான். அந்தக் கோபம் எனக்கு ஒரு வாரம் இருந்தது.

அதற்குப் பிறகு எப்படியோ பழக்கமாகிவிட்டது. காலையில் அவர் அந்த மாடியில், நான் இந்த மாடியில். அவர் வானத்தைப் பார்ப்பார், நான் தட்டைப் பார்ப்பேன். வல்லூறு வந்தால் அவர் முதலில் பார்த்துவிடுவார். "அக்கா, மேல பாரு, கசாப்புக்காரன் வந்துகினு கீறான்!" என்பார். என் சிட்டுக்குருவிகள் அதற்கு முன்பே காணாமல் போயிருக்கும். அவர் புறாக்கள் பாதாம் பருப்பு தின்பதையும் பார்த்தேன். நான் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வாங்குகிற சாமான் அது.

இந்த வருஷம் வெயில் தொடங்கும்போது அவர் இருமத் தொடங்கினார். முதலில் இருமல் சத்தம் கேட்டு மைனாக்கள் பறந்தன, பிறகு அவற்றுக்கும் பழகிவிட்டது. ஒரு நாள் அவர் மனைவி பச்சரிசி வாங்கக் கடைக்கு வந்தாள்.

"நெஞ்சுல சளி இல்லியாம்கா. தூசியாம். புறா தூசி, அப்பால வெல்டிங் பொக. ரெண்டும் ஆவாதுன்னு டாக்டரு சொல்ட்டாரு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் கரித்தூள் படிந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மணலிப் பக்கத்து ஆலை நாற்றம் மூக்கில் ஏறியது. அதைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையாம்.

"வெல்டிங்க வுட்டா சோறு இல்ல. புறாவ வுட்டா புறா இல்ல, அவ்ளோதான?" என்றாள். "இந்தப் போட்டி முடிஞ்சதும் எல்லாத்தியும் குடுத்துடணும்னு சொல்லிகீறேன். நான் பண்றது தப்பாக்கா?"

தப்பில்லை என்றேன். அது தப்பில்லைதான். அப்படிச் சொன்ன பிறகு அன்றைக்கு முழுக்க எனக்கு எல்லாவற்றின் மேலும் எரிச்சலாக இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் அவர் முகத்தில் மாஸ்க்கோடு சுவரருகே வந்து நின்றார். "ஜெயிக்கிறது கூட வாணாம்க்கா. கடசி தபா. அவ நம்ம மாடில எறங்கி, அத்த அம்பயர் எழுதணும். அது போதும்."

"என் மாடியில் நாளைக்கு ஒரு மணி தானியம் இருக்காது, போ" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். இட்லித் தட்டைக் கழுவிக் கீழே கொண்டுபோய்விட்டேன். தரையையும் கழுவினேன். "தட்டு சும்மாதான இருக்கு, இட்லி அவிப்போமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். நான் திரும்பிப் பார்த்தேன். உப்புமாவே போதும் என்றுவிட்டார்.

விடிந்ததும் புறா மேலே போனது. கொஞ்ச நேரத்தில் கடுகளவு ஆனது, பிறகு அதுவும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். வழக்கமான நேரத்துக்கு என் விருந்தாளிகள் வந்தார்கள். சிட்டுக்குருவிகள் வெறும் சுவரைக் கொத்திப் பார்த்துவிட்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. மைனாக்கள் என்னைப் பார்த்து வைதன. கிளிகள் வட்டமடித்துவிட்டு வேறு எங்கோ போயின. காக்கைகள் மட்டும் போகவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, சரிசெய்வார்கள் என்பதுபோல் காத்திருந்தன. மதியம் எதிர் மாடியில் அம்பயருக்கும் கூட்டாளிகளுக்கும் பிரியாணிப் பொட்டலம் பிரித்தார்கள். காக்கைகள் மொத்தமாக அங்கே போய்விட்டன.

நான் சிரித்தேன். அவை அங்கே போனது எவ்வளவு பெரிய வில்லங்கம் என்று வெயில் தாழ்ந்த பிறகுதான் தெரிந்தது.

புறா கீழே வரத் தொடங்கியது. வட்டம் சுருங்கிச் சுருங்கி, கூண்டுக்கு நேர் மேலே வந்தது. கூண்டின் கூரையில், இறங்குகிற பலகையில், சுவரில், எங்கே பார்த்தாலும் காக்கை. ஒரு காக்கை எழும்பி அதை விரட்டியது. புறா மேலே போனது. மறுபடி வந்தது. மறுபடி விரட்டியது. கீழே நின்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காக்கையைத் துரத்தத் துணி வீசினால் புறா மிரண்டுபோகும். துணி வீசினால் பற என்று அர்த்தம், அப்படித்தான் அதைப் பழக்கியிருந்தார்கள். கை தட்டவும் முடியாது. சூரியன் மணலிப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

வெல்டர் சுவருக்கு ஓடி வந்தார். மாஸ்க் தாடையில் தொங்கியது. பேச மூச்சு இல்லை.

"அக்கா... சோறு போடுக்கா."

"என்னது?"

"காக்காவ இட்னு போக்கா. உன் கால்ல வுழறேன். இருட்டப் போவுது."

என் முழங்காலுக்கு அன்று என்ன வந்ததோ, படியில் இறங்கியது எனக்கே தெரியாது. பிரியாணி எலும்பைப் பார்த்த காக்கை நொய்க்கு வராது. அடுக்களையில் வீட்டுக்காரர் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். முன்னால் வறுத்த சங்கரா மீன், பொன்னிறமாக, நானே வறுத்தது. அவர் கை நீட்டும்போது தட்டை எடுத்துவிட்டேன். "ஏளா..." என்றார். அதற்கு மேல் எனக்குக் கேட்கவில்லை.

சுவர் மேல் மீனைப் பிய்த்து வைத்தேன். காக்கைகள் பார்க்கவில்லை. கூப்பிட வேண்டும். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். காக்கையைக் கூப்பிட்டுச் சோறு வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் எந்தத் தலைமுறையிலும் கிடையாது. எங்கள் தெருவில் எல்லோரும் அமாவாசைக்குக் கூப்பிடுவதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். கையை வாயருகே வைத்து, "கா! கா! கா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எதிர் மாடிக் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கர்த்தர் பார்த்தாரா தெரியாது.

ஒன்று வந்தது. ஒரு துண்டைக் கவ்வியது. பிறகு மொத்தப் படையும் என் தலைக்கு மேல் வந்துவிட்டது. நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மீனைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கூண்டின் கூரை காலியானது. புறா தாழ்ந்து வந்தது. எனக்கு நேர் மேலாகத்தான் வந்தது, வயிற்று இறகுகூடத் தெரிந்தது. போன வருஷத்துக் கம்பு அதற்கு நினைவிருக்குமோ என்று பயந்தேன். "ஏட்டி, இங்க ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போ" என்றேன். சத்தியமாக அதனிடம் பேசினேன். அது சந்துக்கு மேலாகப் பறந்து போய், பச்சைக் கூண்டின் பலகையில் இறங்கியது.

அம்பயர் எழுதினார். வெல்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகையா இருமலா என்று இங்கிருந்து தெரியவில்லை. நான் அழுதேன், அது எனக்குத் தெரியும்.

இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ராயபுரத்துப் புறா ஒன்று இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பறந்துவிட்டதாம். பரிசு ஒரு பிரஷர் குக்கர். வெல்டர் அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி தெருமுனையிலிருந்து நடந்து வந்தார். "இத்தினி வருசத்துல புறாவால வூட்டுக்கு வந்த மொத சாமான்கா இது" என்றாள் அவர் மனைவி. எங்கள் வீட்டுக்காரருக்கு மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து சங்கரா மீன் வந்தது. அதன் பிறகுதான் அவர் என்னோடு சரியாகப் பேசினார்.

அந்த வாரமே புறாக்கள் போயின. மாத்தூரில் ஒருவர் எடுத்துக்கொண்டார். கூண்டை வெல்டரே துண்டு துண்டாக வெட்டினார், வேறு யாரையும் தொடவிடவில்லை. மச்சக்காரியைக் கடைசியாகப் பெட்டியில் வைத்தார். "கொஞ்ச நாள் அடச்சி வைக்கச் சொல்லிகீறேன். வெளிய வுட்டா வந்துடுவா" என்றார். பெட்டிக்குள் பார்க்காமல் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் மாடிக்கு வரவில்லை. கூண்டு இருந்த இடத்தில் அவர் மனைவி மிளகாய் காயப்போட்டாள். என் மாடியில் எல்லாம் வழக்கம்போலத்தான். கிளி தெருவில் போட்டது, தவிட்டுக்குருவி சண்டை போட்டது. வல்லூறு வந்தபோது சொல்ல ஆள் இல்லை. அவர் இல்லாதது எனக்குப் பிடிக்கவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன், அழுகையாக வந்தது.

மழை விட்டு வெயிலடித்த ஒரு காலையில் கம்பு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் மாடிக்கு மேல் ஏதோ வட்டமடித்தது. இறங்கியது. மிளகாய் காயப்போட்டிருந்த சாக்கின் மேல் நடந்தது. பலகை இருந்த இடத்துக்குப் போய் நின்றது. திரும்பி நடந்தது. அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குப் பார்க்க முடியவில்லை. பிறகு எழும்பி, சந்துக்கு மேலாகப் பறந்து என் சுவருக்கு வந்தது. கழுத்தில் மச்சம். சிட்டுக்குருவிகளுக்கு நடுவே நடந்து வந்து, ஆகாது என்று ஒதுக்கப்பட்ட என் கம்பைத் தின்றது.

நான் சுவரோரம் போய்க் கத்தினேன். வெல்டரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேனா, தம்பி என்று கூப்பிட்டேனா, நினைவில்லை.

மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அவர் மேலே வந்தார். சுவரில் கை வைத்து நின்றார். புறா ஒரு முறை தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துவிட்டு மறுபடி குழிக்குள் அலகை விட்டது. பின்னாலேயே அவர் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இன்னாது, திரும்பி வந்துகினாளா? டாக்டர் இன்னா சொன்னாருன்னு நெனப்பு கீதா?"

அவர் திரும்பவில்லை. கண்ணைப் புறாவிலிருந்து எடுக்காமலே சொன்னார்.

"நம்ம மாடிலயா கீது? பக்கத்து வூட்டு மாடில தான குந்திகினு கீது. அது கணக்குல வராது."

அவள் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் அம்பயர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வராது" என்றேன்.